ஞாயிறு கூடல்: அட்டைப்பட ஓவியர்கள்

நண்பர்களே, இந்த ஞாயிறு காலை 10 மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில் வழக்கமான இடத்தில் கூடுகிறோம். வீட்டில் பழைய வார இதழ்களின் அட்டைகள் இருந்தால் கொண்டு வாருங்கள். ஓரம் கிழிந்திருந்தாலும் சரி.

ஓவியர்களுக்குத் தூண்டுதல் எங்கிருந்து வந்தது என்பதுதான் இம்முறை பேச்சு. மலையாள வார இதழ்களில் வரைந்த, பொன்னானிக்காரரான ஓவியர் நம்பூதிரி சிறுவயதில் சுகபுரம் கோயில் சிற்பங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர். அப்புறம் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார். அவருடைய நீண்ட கோடுகளில் அந்தச் சிற்பங்களின் வளைவு எனக்கு இன்றும் தெரிகிறது. ஆனந்த விகடனில் வரைந்த சில்பியோ கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தவர். இந்த இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

வரும்போது ஆளுக்கொரு படம்: நம் பனைமரங்களையோ சித்தூர்ப் புழை ஆற்றையோ நேரில் பார்த்து வரைந்தது. புகைப்படத்தைப் பார்த்து வரைய வேண்டாம். வருகிறவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் இங்கே சொல்லிவிடுங்கள்.