லோ வோல்டேஜில் மோட்டார் கரண்டைக் கூடுதலாகத்தான் இழுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் விவசாயப் பக்கத்தில் வந்த கேள்வி பதிலைப் படித்தேன். லோ வோல்டேஜில் மோட்டார் ஓட்டலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, 'வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும். தண்ணீர் கொஞ்சம் மெதுவாக வரும், அவ்வளவுதான்' என்று பதில் போட்டிருந்தீர்கள். நான் 31 வருடமாக கோபிசெட்டிபாளையத்தில் எரிந்த மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவன். அந்தப் பதிலை நம்பி நாலு பேர் மோட்டாரை ஓட்டினால் எனக்குத்தான் வேலை வரும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

பதில் எழுதியவர் சொன்னது வாட்டர் ஹீட்டருக்குச் சரி. 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்டில் சுமார் 8.7 ஆம்பியர் கரண்ட் எடுக்கும். 200 வோல்டுக்கு இறங்கினால் ஏழரைதான். தண்ணீர் சுட நேரமாகும், ஹீட்டருக்கு ஒரு கெடுதலும் இல்லை. மோட்டார் கதை வேறு. கிணற்றுத் தண்ணீரை அத்தனை அடி மேலே தூக்குகிற வேலை, லைனில் வோல்டேஜ் இறங்கிவிட்டது என்பதற்காகப் பெரிதாகக் குறைந்துவிடாது. வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட். (மோட்டாருக்குப் பவர் ஃபேக்டர் என்று ஒன்று குறுக்கே வரும், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.) வேலை அதேதான், வோல்ட் மட்டும் குறைச்சல் என்றால் ஆம்பியர் ஏறித்தானே ஆக வேண்டும்?

5 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் 415 வோல்டில் ஏழரை ஆம்பியர் போல எடுக்கும். 340-க்கு இறங்கினால் ஒன்பதைத் தாண்டும். ஒன்றரை ஆம்பியர்தானே என்று தோன்றும். ஆனால் காயிலில் ஏறும் சூட்டுக்கு, ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கிப் பார்க்க வேண்டும். ஏழரைக்கு 56, ஒன்பதுக்கு 81. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு சூடு. காயில் கம்பிக்கு மேல் பூசிய வார்னிஷ் எத்தனை நாள் தாங்கும்?

போன சித்திரையில் ஒரு பெரியவர் தன் மோட்டாரை மொபட்டில் கட்டிக்கொண்டு வந்தார். மூடியைக் கழற்றியதுமே கருகிய வாடை. மூன்று பேஸ் காயிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தது. ஒரு பேஸ் விட்டுப்போய் எரிந்திருந்தால் அப்படி இருக்காது. ஸ்டார் கனெக்‌ஷன் (மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியது) மோட்டாரில் இரண்டு பேஸ் கரியாகி, மூன்றாவது புதுச் செம்பு போல மினுமினுக்கும். இது லோ வோல்டேஜாகத்தான் இருக்கும் என்றேன். காயில் கட்டி, மாட்டிவிடத் தோட்டத்துக்குப் போனபோது ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆம்பியர் மீறினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலேயின் முள், ஏழரையில் நிற்க வேண்டியது, பத்தில் நின்றது.

"அடிக்கடி டிரிப் ஆச்சு தம்பி. அதான் கொஞ்சம் திருகி வெச்சேன்."

"ஏனுங்க, அது டிரிப் ஆனதே மோட்டாரைக் காப்பாத்தத்தானுங்களே!"

அக்கம்பக்கத்துக் கிணறுகள் எல்லாம் ஓடுகிற நேரம். மீட்டர் வைத்துப் பார்த்தால் 345 வோல்ட்.

நம் பேச்சிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சப்ளை நின்றால் 'கரண்ட் போச்சு', ஷாக் அடித்தால் 'கரண்ட் அடிச்சிருச்சு', பணம் கட்டுவது 'கரண்ட் பில்'. எல்லாமே கரண்ட்தான்! பில்லில் இருக்கும் யூனிட்டோ கரண்டே இல்லை; 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

வோல்டுக்கும் ஆம்பியருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ரோட்டோர டிரான்ஸ்பார்மரைத் தள்ளி நின்று அண்ணாந்து பாருங்கள். 100 கே.வி.ஏ. (அது தாங்கும் பவரின் அளவு) என்று எழுதியிருந்தால், 11,000 வோல்ட் வருகிற மேல் பக்கம் முழு லோடில், த்ரீ பேஸ் கணக்குப்படி, ஒரு கம்பியில் ஓடுவது ஐந்தே கால் ஆம்பியர்தான். அதே பவர் 433 வோல்டாக இறங்கி வெளியே வரும்போது 133 ஆம்பியர். அதனால்தான் அந்தப் பக்கம் ஒல்லியான ஃபியூஸ் கம்பி, இந்தப் பக்கம் கட்டைவிரல் மொத்தத்துக்குக் கேபிள். தூரத்துக்கு வோல்டேஜை ஏற்றி அனுப்புவதும் இதற்காகத்தான். ஆம்பியர் குறைந்தால் வழியில் கம்பி சூடாகி வீணாவது குறையும்.

ஆகவே அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அதில் இரண்டு விஷயம் வந்தால் போதும். ஒன்று, நேம் பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு மேல் ரிலேவைத் திருகக் கூடாது. அப்புறம், ஸ்டார்ட்டர் போர்டில் வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் இரண்டுமே இருக்க வேண்டும். வோல்ட் முள் இறங்க இறங்க ஆம்பியர் முள் ஏறுவதை ஒரு தடவை நேரில் பார்த்தவர் லோ வோல்டேஜில் சுவிட்ச் போட மாட்டார்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்,
கோபிசெட்டிபாளையம்