வண்டியின் பின்புறம் துருத்தி நிற்கும் இரும்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "முன்னால் சென்ற லாரியின் பின்புறம் மோட்டார் சைக்கிள் மோதியதில் வாலிபர் பலி" என்ற செய்தி, ஊர்ப்பெயரும் வயதும் மட்டும் மாறி, நாளிதழ்களில் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. வேகம், தூக்கக் கலக்கம், மது, தலைக்கவசம் அணியாமை என்று மோதியவர் பக்கத்துக் காரணங்களை எல்லோரும் பேசுகிறோம். அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் மோதப்பட்ட வண்டியின் பின்புறத்தில் என்ன இருந்தது, எந்த உயரத்தில் இருந்தது, அதைப் பொருத்தியது வண்டியைத் தயாரித்த நிறுவனமா அல்லது தெருவோர வெல்டிங் பட்டறையா என்று யாரும் கேட்பதில்லை. சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் மோட்டார் காப்பீட்டு சர்வேயராக நெடுங்காலம் பணியாற்றியவன் நான். அந்தக் கேள்வியைப் பொதுவெளியில் கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கோயம்பேட்டிலிருந்து வடபழனி செல்லும் நூறடிச் சாலையில் ஏதாவது ஒரு சிக்னலில் நிற்கும்போது, முன்னால் நிற்கும் லோடு வண்டியின் பின்பக்கத்தைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். குட்டி யானை என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வாகனம் முதல் பெரிய பிக்கப் வரை, தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவத்திலேயே இருப்பவை குறைவு. சேஸிஸ் எனப்படும் வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்த ஆங்கிள் இரும்பு, இரு ஓரங்களிலும் வெட்டிய முனை மழுங்காமல் வெளியே நீளும் சேனல், நடுவில் தடித்த கொக்கி, அதற்கு மேல் பின்விளக்கை மறைக்கும் கம்பி வலை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஜீப் வகை வண்டிகளிலும் சொந்த உபயோகத்துக்கான பிக்கப்களிலும் டிரெய்லரை இழுப்பதற்கான கொக்கியும் அதன் நுனியில் 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குண்டும் நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. கோவளம் பக்கம் படகு இழுத்துச் செல்பவர்கள் சிலர் இருக்கலாம். மற்ற பெரும்பாலோர் அந்தக் கொக்கியில் எதையும் கட்டி இழுத்ததே இல்லை. பின்னால் வருபவன் இடித்தால் நம் வண்டிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில்தான் அது பொருத்தப்படுகிறது.

இந்த எண்ணம் எங்கே தவறுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய காரின் பம்பர் என்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் உறை மட்டுமன்று. அதன் உள்ளே விசையை உறிஞ்சும் நுரைப் பகுதி, அதற்குப் பின்னால் வண்டியின் அகலம் முழுவதும் செல்லும் குறுக்குச் சட்டம், அந்தச் சட்டத்தை உடற்கூட்டோடு இணைக்கும் நசுங்கு பெட்டிகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். மோதலின்போது இவை மடங்கி நசுங்குவதற்காகவே செய்யப்பட்டவை. அவை நசுங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் உள்ளே இருப்பவரின் உடல்மீது வரும் அதிர்ச்சியைக் குறைக்கிறது. மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு பொருள் 25 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றால், அதன்மீது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல ஏறத்தாழ 5 மடங்கு தாக்கம் வரும். அதே வேகத்தில் 5 சென்டிமீட்டருக்குள் நின்றால் தாக்கம் ஏறத்தாழ 25 மடங்காகும். வேகம் ஒன்றே, நசுங்குவதற்கு இடம் இருந்ததா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு.

சேஸிஸில் நேரடியாக இறுக்கிய கொக்கி இந்த ஏற்பாட்டை முழுவதும் தாண்டிச் சென்றுவிடுகிறது. பின்னால் வரும் கார் முதலில் தொடுவது நுரையையோ நசுங்கு பெட்டியையோ அல்ல, வளையாத இரும்பை. விசை முழுவதும் அந்த வழியாகவே சேஸிஸுக்குப் போகிறது. பின்னாலிருந்து இடி வாங்கும்போது இருக்கை உடலை முன்னே தள்ள, தலை ஒரு கணம் பின்தங்கி, கழுத்து அந்த இடைவெளியைத் தாங்குகிறது. அதிர்ச்சி எவ்வளவு சடுதியாக வருகிறதோ அவ்வளவுக்குக் கழுத்துத் தசைநார்கள் பாதிக்கப்படுகின்றன. பின்பக்கம் இழுவைக் கொக்கி பொருத்திய கார்களில் இருந்தவர்களுக்கு நாட்பட்ட கழுத்துவலி வரும் அபாயம் கூடுவதை சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஏற்கெனவே எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். "என் வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை" என்று பெருமையோடு சொல்லும் உரிமையாளர், அந்த வண்டிக்குள் இருந்த தன் குடும்பத்தினரின் கழுத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மோதும் காருக்கு நேர்வது வேறு வகைச் சேதம். அதன் பம்பர் சட்டம் முழு அகலத்தில் விசையை ஏற்பதற்கானது. ஒரு கொக்கியின் நுனி மட்டும் குத்தும்போது, பலகையால் தள்ளுவதற்கும் உளியால் குத்துவதற்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிகிறது. கொக்கி அந்தச் சட்டத்துக்கு மேலாகவோ கீழாகவோ நுழைந்துவிட்டால், பிளாஸ்டிக் உறை கிழிந்து, ஏ.சி. கண்டென்சரும் ரேடியேட்டரும் துளைபடுகின்றன. நடைவேகத்துக்குச் சற்றே கூடுதலான மோதலில்கூடப் பெருந்தொகைக்கான மதிப்பீட்டை எழுத வேண்டிய நிலை எனக்குப் பல முறை வந்திருக்கிறது.

உயரப் பொருத்தம் என்பது பம்பரின் பாதி உயிர். அமெரிக்காவில் பயணிகள் கார்களின் பம்பர் தரையிலிருந்து 16 அங்குலம் முதல் 20 அங்குலம் வரையிலான பட்டையில் மோதலைத் தாங்க வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் அந்த விதி பிக்கப்களுக்குப் பொருந்தாது. உயரமான பிக்கப்பின் பின்னால் தாழ்வான கார் மோதும்போது பம்பரும் பம்பரும் சந்திப்பதே இல்லை என்ற குறை அங்கேயே நீண்டகாலமாகப் பேசப்படுகிறது. அந்நாட்டில் சாலைகளும் வண்டிகளும் வேறு. அங்கே பிக்கப்பின் பின்னால் பெரும்பாலும் இன்னொரு நான்கு சக்கர வாகனம் வருகிறது. நம் ஊரில் பின்னால் வருவது இருசக்கர வாகனம்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கவலை மிகுதி. 2022-ஆம் ஆண்டில் நாட்டில் நடந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. இறந்தவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். மோதல் வகைகளில் பின்னாலிருந்து மோதுவதே முதலிடத்தில் இருக்கிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு 64,105 விபத்துகளோடு முதலிடம் பெற்றது நம் மாநிலம். ஸ்கூட்டரிலோ மோட்டார் சைக்கிளிலோ வருபவருக்கு நசுங்கு பெட்டியும் இல்லை, காற்றுப்பையும் இல்லை. முன்சக்கரம் லோடு வண்டியின் அடியில் புகுந்துவிட, ஓட்டுபவரின் மார்பும் முகமும் சரக்குப் பெட்டியின் விளிம்பில் மோதுகின்றன. முழங்காலும் கணுக்காலும் ஓரத்தில் துருத்தும் ஆங்கிள் முனையில் மாட்டுகின்றன. தட்டையான பரப்பில் மோதி எலும்பு முறிவோடு பிழைத்திருக்கக்கூடிய ஒருவர், கூரான முனையில் மோதியதால் பிழைக்காமல் போன சம்பவங்களின் கோப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. தலைக்கவசம் அணிந்திருந்தும் காப்பாற்ற முடியாத அடிகள் அவை.

பின்புறத்து இரும்பு எல்லாமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கனரக வாகனங்களின் பின்னால், கார் உள்ளே புகுந்துவிடாமல் தடுக்கும் தாழ்வான குறுக்குத் தடுப்பு இருந்தே ஆக வேண்டும். 1967-இல் அமெரிக்காவில் ஜேன் மேன்ஸ்பீல்டு என்ற நடிகை சென்ற கார் டிரெய்லர் லாரியின் பின்புறத்தின் அடியில் புகுந்து அவர் இறந்த பிறகு, அந்தத் தடுப்பை அங்கே அவர் பெயராலேயே குறிப்பிடும் வழக்கம் ஏற்பட்டது. இந்தியாவில் ஐ.எஸ். 14812 என்ற தரக்குறியீடு, இந்தத் தடுப்பு எந்த உயரத்தில், எவ்வளவு அகலத்தில், எத்தனை விசையைத் தாங்கும்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. அது தாழ்வாகவும் அகலமாகவும் தட்டையாகவும் வண்டியின் எல்லைக்குள்ளும் இருக்கும். பட்டறையில் வைக்கும் கொக்கியும் ஆங்கிளும் இவை ஒவ்வொன்றுக்கும் நேர்மாறானவை. மாதவரத்திலிருந்து மணலி, எண்ணூர் பக்கம் செல்லும் லாரிகளில், சட்டம் கேட்கும் தடுப்பு வளைந்தோ அறுந்தோ தொங்குவதையும், சட்டம் தடுக்கும் கொக்கி மட்டும் புதுப் பெயின்டோடு உறுதியாக நிற்பதையும் ஒரே வண்டியில் பார்க்கலாம்.

சட்டத்தில் குறை எதுவும் இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில், வண்டியின் முன்னால் பொருத்தும் கிராஷ் கார்டு, புல் பார் ஆகிய தடுப்புக் கம்பிகளின்மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதன்பின் முன்பக்கத்துக் கம்பிகளைக் கழற்ற வைப்பதில் போக்குவரத்துக் காவல்துறை ஓரளவு அக்கறை காட்டியது. பின்பக்கம் மட்டும் எவர் கண்ணிலும் படவில்லை.

லோடு வண்டி ஓட்டுநர்களைக் குற்றம்சாட்டிவிட்டு நகர்ந்துவிடவும் எனக்கு மனமில்லை. பாரிமுனைச் சந்துகளிலும் கோயம்பேடு சந்தைக்குள்ளும் நாளெல்லாம் பின்னோக்கி எடுத்து நிறுத்தும் பிழைப்பு அவர்களுடையது. பின்கதவின் கீழ்ப்பகுதி ஒரு முறை நெளிந்தால் சரிசெய்யும் செலவு அந்த வாரத்து வருமானத்தைத் தின்றுவிடும். சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளர்கள் கால் வைத்து ஏறுவதும் அந்த ஆங்கிளின்மேல்தான். அதைக் கழற்றிவிட்டு வேறு படி தராவிட்டால் நாளைக்கே திரும்பப் பற்றவைப்பார்கள். ஆகவே பெட்டியின் எல்லைக்குள் மடங்கி நிற்கும் படியும், பின்னோக்கி எடுக்கும்போது சுவரில் இடித்தால் தாங்கும் தடித்த ரப்பர் கட்டைகளும் எவ்வாறு அமைய வேண்டும் என்று தயாரிப்பாளர்களோடு கலந்து ஒரு வடிவத்தைப் போக்குவரத்து ஆணையரகம் அறிவிக்க வேண்டும். புதுப்பேட்டையிலும் அம்பத்தூரிலும் உள்ள பட்டறைக்காரர்கள் திறமையானவர்கள். சரியான வரைபடம் ஒன்று கையில் கொடுக்கப்பட்டால் அதையும் அவர்களே செய்து தருவார்கள்.

சோதனைக்கு ஏற்ற நேரம், எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்காக வண்டியைக் காட்டும் நாள். சரக்கு வாகனம் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்கு வந்தாக வேண்டும். பிரேக்கையும் முகப்பு விளக்கையும் புகையையும் பார்க்கும் ஆய்வாளர், வண்டியின் பின்புறம் ஒரு நேர்கம்பை வைத்துப் பார்த்தாலே பெட்டியின் விளிம்பைத் தாண்டி எது நீட்டுகிறது என்பது தெரிந்துவிடும். அப்படி நீட்டுவதைக் கழற்றாமல் சான்று வழங்கக் கூடாது. பின்தடுப்பின் உயரத்தையும், அது வளையாமல் இருக்கிறதா என்பதையும், சிவப்பு ஒளிபிரதிபலிப்புப் பட்டை அழுக்கேறாமல் இருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம். சான்று வாங்கும் அன்று கழற்றிவிட்டு மறுநாள் மாட்டும் பழக்கம் இருப்பதால், சுங்கச்சாவடிகளிலும் சந்தை வாயில்களிலும் இடையிடையே தணிக்கை தேவைப்படும்.

சொந்த உபயோக வண்டிகளுக்கு எஃப்.சி. இப்படி அடிக்கடி வருவதில்லை என்பதால் வேறு வழி வேண்டும். உண்மையாகவே டிரெய்லர் இழுப்பவர்கள், கழற்றி மாட்டும் வகைக் கொக்கியை வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் குண்டையும் தண்டையும் கழற்றி வண்டிக்குள் வைக்கலாம். பயன்படுத்தாதபோது துருத்தி நிற்கும் கொக்கியையும் எண் பலகையை மறைக்கும் கொக்கியையும் கழற்ற வேண்டும் என்ற விதி ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நடைமுறையில் இருக்கிறது. பழுதான காரைக் கட்டி இழுக்க, பெரும்பாலான கார்களுடன் திருகிப் பொருத்தும் வளையம் ஒன்றைத் தயாரிப்பாளரே தருகிறார். தேவை முடிந்ததும் அதைக் கழற்றிவிடலாம், அதற்காகத் தனியாகக் கொக்கி வேண்டியதில்லை. ஆண்டுதோறும் பாலிசி புதுப்பிக்கும் காப்பீட்டு நிறுவனங்கள், வண்டியின் பின்பக்கப் படம் ஒன்றையும் கேட்டுப் பெற்று, கொக்கி இருந்தால் கழற்றச் சொல்லி எழுதலாம்.

தண்ணீர் லாரிகளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். தொட்டியின் பின்னால் குழாயும் வால்வும் நீட்டிக்கொண்டிருக்க, கோடைக்காலத்தில் விடியற்காலை இருட்டிலும் அவை குடியிருப்புத் தெருக்களுக்குள் ஓடுகின்றன. வால்வை லாரியின் பக்கவாட்டுக்கு மாற்றுவதோ, பின்தடுப்புக்கு உட்புறம் அமைப்பதோ கடினமான வேலை அன்று. ஒப்பந்த லாரிகளை அமர்த்தும் குடிநீர் வாரியம் இதை ஒப்பந்த நிபந்தனையாகவே சேர்த்துவிட்டால், எந்தப் புதிய சட்டமும் இல்லாமல் இந்தக் கோடையிலேயே செய்து முடிக்கலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். பின்னால் மோதிய விபத்தைப் பற்றிய செய்தியில், மோதப்பட்ட வண்டிக்குப் பின்தடுப்பு இருந்ததா, கொக்கியோ கம்பியோ துருத்தியிருந்ததா, பின்விளக்கு எரிந்ததா என்ற மூன்று விவரங்களையும் காவல் நிலையத்தில் கேட்டுச் சேர்க்குமாறு தங்கள் செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். செய்தியாளர் கேட்பார் என்று தெரிந்தால், விசாரணை அதிகாரியும் அவற்றைப் பார்த்து எழுதி வைப்பார்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற மோட்டார் காப்பீட்டு சர்வேயர்,
கொரட்டூர், சென்னை.