பப்பாளிக்காய்

செங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் நீ மூன்று தடவை "சரிம்மா" சொல்லி வைத்துவிடுகிறாய். சொல்ல வந்தது எனக்குத் தொண்டையிலேயே நின்றுபோகிறது. அதனால்தான் அப்பாவிடம் தாளும் கவரும் வாங்கி வரச் சொன்னேன்.

நீங்கள் பாங்காக் போய்வந்த போட்டோவெல்லாம் சித்தி காட்டினாள். நாற்பதுக்கு மேல் இருந்தது. அவளுக்காவது அனுப்பினாயே, சந்தோஷம். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே ஐஸ் போட்டு எதுவும் குடித்தீர்களா? ஊர் திரும்பிய பிறகும் சில நாள் கழித்து வயிற்றைப் பிடிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவைத்துக் குடி. மாப்பிள்ளைக்கும் கொடு.

சைனாக்காரர்கள் தெருவாம், யாவராட்டாம், சித்தி வாசித்துச் சொன்னாள். சாயங்காலம் ஆனால் ரோட்டோரம் முழுக்க அடுப்பு மூட்டி விடுவார்களாமே. பொரித்த வெட்டுக்கிளியை மாப்பிள்ளை கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார், நீ மூங்கில் புழுவை வாயில் போடுகிறாய். சித்தி முகத்தைச் சுளித்தாள். நான் சுளிக்கவில்லை. மழை விட்ட சாயங்காலம் ஈசல் பிடித்து, பொரியரிசியோடு வறுத்துத் தின்று வளர்ந்தவள் நான். படகு நூடுல்ஸ் குழம்பில் ரத்தம் கலப்பார்கள் என்று எழுதியிருந்தாய். நம் வீட்டிலும் ஆட்டு ரத்தப் பொரியல் வைக்கிறோமே. சிப்பி போட்ட முட்டை, தேங்காய்ப்பால் ஊற்றிய சோற்றோடு மாம்பழம், நம் அரத்தையைத் தட்டிப் போட்ட அந்தச் சூப்பு, எல்லாம் பார்த்தேன். கண்ணுக்குப் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு கரி அடுப்பில் நண்டு ஆம்லெட் போடுகிற ஜெய் ஃபாய் அம்மாவையும் பார்த்தேன். எழுபதைத் தாண்டியும், மிஷலின் நட்சத்திரம் என்கிற பெரிய சமையல் விருதைக் கையில் வைத்துக்கொண்டு தானே அடுப்படியில் நிற்கிறாளாமே. அவள் கைச்சாப்பாட்டுக்கு என் மகள் வரிசையில் நின்றாள் என்று பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

பாங்காக் சீலோம் தெரு மாரியம்மன் கோயில் போட்டோ மட்டும் ஒன்றுகூட இல்லை. நம் தமிழ் ஆட்கள் அந்தக் காலத்திலேயே போய்க் கட்டிய கோயில் என்று போகும்முன் இரண்டு முறை சொன்னேன். நேரம் கிடைக்கவில்லையாக்கும். சாப்பிட நேரம் கிடைத்திருக்கிறது. சரி, விடு.

ஒரு போட்டோவில் மட்டும் சித்தி விரலால் அடுத்ததற்குத் தள்ள, நான் திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். மண் உரல். அதில் பச்சைப் பப்பாளிக்காயைச் சீவிப் போட்டு, காந்தாரி மிளகாய், பூண்டு, பனைச்சர்க்கரை, எலுமிச்சை, மீன் சாறு, காய்ந்த இறால், வேர்க்கடலை எல்லாம் சேர்த்து மர உலக்கையால் இடிக்கிறாள் ஒரு பெண். சோம் தம் என்று பெயராம். பக்கத்தில் நீ. உறைப்பில் கண்ணெல்லாம் சிவந்து, மூக்கில் நீர் வடிய, சிரித்துக்கொண்டு.

பப்பாளிக்காய். அதைப் பார்த்ததும் என் மனம் ஒரு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை எழுதமாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன், சொல்லாவிட்டால் கேட்கமாட்டேன். வயிற்றைப் பார்த்துக்கொள், அவ்வளவுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். புனலூர்ப் பெரியம்மை வீட்டுக் கல்யாணம் ஆவணியில்தான். ஆனி முடியப் போகிறது, அடுத்தது ஆடி.

ஆடி என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. இதைச் சொல்லத்தான் தாளே வாங்கச் சொன்னேன் போலிருக்கிறது.

போன ஆடியில் நீ ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது, "என்னத்தைத் தின்ன?" என்று கேட்டேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நீ பதில் சொல்லாமல் போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டாய். அன்னாசியா, எள்ளா, பப்பாளியா என்று அவரிடமும் விசாரித்தேன். அவர் பாவம், "அதெல்லாம் ஒன்றுமில்லை அத்தை" என்றார். அப்புறம் இங்கே டாக்டரம்மாவிடம் கேட்டேன். முதல் மூன்று மாதத்தில் கலைவதில் பாதிக்குப் பாதி கருவின் குரோமோசோம் கோளாறுதான், தாய் சாப்பிட்டதில் குற்றம் தேடாதீர்கள் என்றார். எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் வீட்டுக்கு வந்து, ஆள் வைத்துக் கிணற்றடிப் பப்பாளி மரத்தை வெட்டினேன். ஏன் வெட்டினேன் என்று இன்றுவரை எனக்கே சொல்லத் தெரியவில்லை. நீ அந்த மரத்துக் காயைத் தொட்டுகூட இருக்கமாட்டாய். ஆச்சி அதில் தோரன் வைத்துச் சாப்பிட்டுத்தான் ஏழு பிள்ளை பெற்றாள்.

பொங்கலுக்கு வந்தபோது அந்த வெட்டிய அடிமரத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். இருந்த நான்கு நாளும் என் முன்னால் தயிர்ச்சோறு தவிர எதுவும் சாப்பிடவில்லை. கோழிக்குழம்பு வைத்தேன், பார்டர் கடைப் பரோட்டா வாங்கி வரச் சொன்னேன், எதையும் தொடவில்லை. வயிறு சரியில்லைம்மா என்றாய். நான் என்ன தின்கிறாய் என்று பார்த்துக்கொண்டிருப்பேன் என்று பயந்திருக்கிறாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் போட்டோவில் எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறாய். உன்னை அப்படிப் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

என்மேல்தான் தப்பு. உன் வயிற்றில் தங்காமல் போனதற்கு உன்னையே குற்றவாளியாக்கிவிட்டேன். பெற்றவள் கேட்கிற கேள்வியா அது.

ஆடிக்கு வரச் சொல்லமாட்டேன். உங்களுக்குத் தோதுப்படும்போது இரண்டு பேருமாக வாருங்கள். முற்றத்துச் சின்ன உரலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அந்த சோம் தம்மை நீ இடித்துக் காட்டு, நானும் உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். காந்தாரி வீட்டிலேயே காய்க்கிறது. மீன் சாறு கிடைத்தால் நீ அங்கிருந்தே வாங்கி வா. பப்பாளிக்காய் மட்டும் தென்காசிச் சந்தையில்தான் வாங்க வேண்டும். வீட்டில் மரம் இல்லை.

அம்மா