நாங்கள் சொல்லும்போதே எழுதிக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்பதை நெருங்கும் தபால்தலை, நாணயச் சேகரிப்பாளன் நான். கைநடுக்கம் வந்துவிட்டது. இடுக்கியால் ஒரு தபால்தலையைத் தூக்கும்போதே அதன் பல்விளிம்பு மடங்கிவிடுமோ என்று பதறுகிறேன். கண்ணும் மங்கிவிட்டது. சேகரிப்பைக் கைமாற்றிவிட வேண்டிய வயது. என்னைப் போன்ற முதியவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பவை பெரும்பாலும், நம் மாவட்டம் திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில் இருந்த காலத்தவை. அந்தச் சமஸ்தானம் ‘அஞ்சல்’ என்ற பெயரில் தனித் தபால் துறை நடத்தியது. 1888-இல் சங்குச் சின்னத்தோடு முதல் தபால்தலையை வெளியிட்டது. அந்த அஞ்சல் துறை 1951-இல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. விலை சக்கரத்திலும் காசிலும் இருக்கும்: 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். 1939-இல் மகாராஜாவின் பிறந்தநாளுக்கு வெளியான வரிசையில் நம் குமரிமுனையும் பேச்சிப்பாறை நீர்த்தேக்கமும் இடம்பெற்றிருக்கின்றன.

தபால்தலைகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அவற்றின் விவரம் அச்சிட்ட பட்டியல்களில் கிடைக்கும். கவலையெல்லாம் அஞ்சல் அட்டைகளைப் பற்றித்தான். தக்கலையிலிருந்து கோட்டாறு கடைக்கு வந்த அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. மை பழுப்பேறிவிட்டது, கருப்பட்டி விலை இறங்கும், சரக்கு எடுக்கப் பொறுத்திருங்கள் என்று நுணுக்கி எழுதியிருக்கிறார்கள். நடுவில் ஒரு துளை, சுற்றிலும் துருக்கறை. வாங்க வருபவர்கள் அதைப் பார்த்ததும் சேதம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் கடைக்கு வந்த கடிதங்களை ஒரு கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். அந்தக் கம்பியின் துளைதான் இது, கடைக்கணக்கோடு இருந்த அட்டை என்பதற்கு அத்தாட்சி. இதை நான் சொன்னால்தான் உண்டு. என் காலத்துக்குப் பிறகு இது பழைய பொருள் வாங்கும் ஆக்கர் கடைக்கு எடை போடும் காகிதம்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வெளியூரில் பிழைக்கிறார்கள். தெரிந்த ஒரு வீட்டில், பெரியவர் படுத்த படுக்கையானதும், பாசத்தோடுதான் அவருடைய செப்புக் காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்தார்கள். காசின் பழமையைக் காட்டும் நூறாண்டுப் பழுப்பு ஒரே மாலையில் போயிற்று.

ஒரு நிறுவனத்திடம் கொடுக்கப் போனேன். “மூலையில் வைத்துவிட்டுப் போங்கள்” என்றார்கள். ரசீது இல்லை, யாரும் எதையும் கேட்கவும் இல்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

புதிய கட்டடம் எதுவும் கேட்கவில்லை. கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. இவற்றின் பொறுப்பாளர்களிடம், ஆண்டுக்கு ஒருமுறை, நடமாட முடியாத சேகரிப்பாளர்களின் வீட்டுக்கு வரலாறு படிக்கும் கல்லூரி மாணவர் இருவரை அனுப்பச் சொல்லுங்கள். பொருளைப் படமெடுக்கட்டும். எங்கிருந்து வந்தது, யாருடையது, ஏன் வைத்திருந்தோம் என்று நாங்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதட்டும். பொருளைக் கொடுக்க விரும்புகிறவர்களுக்குக் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று தரட்டும். கொடுக்காதவர்களிடமிருந்தும் விவரமாவது மிஞ்சும்.

முதல் வீடாக என் வீட்டுக்கே வரலாம். மழைக்காலம் தொடங்குவதற்குள் வந்தால் நல்லது. ஈரக்காற்றில் ஆல்பங்களைத் திறந்தால் தபால்தலைகளின் பசை ஒட்டிக்கொள்கிறது.

இப்படிக்கு,
முதிய சேகரிப்பாளன்,
நாகர்கோவில்