ஐப்பசி பிறப்பதற்குள் தெருவுக்கு ஒரு ரேடியோ வேண்டும்

தென்பெண்ணைக் கரையிலும் கெடிலக் கரையிலும், தாழங்குடா, தேவனாம்பட்டினம், முதுநகர் என்று கடலோரத்திலும் இருக்கிற குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் வணக்கம்.

நான் கடலூரில் முப்பத்தைந்து வருடமாக ரேடியோ, டி.வி. பழுது பார்க்கிறவன். இப்போது கடைக்கு ரேடியோ வருவதே அபூர்வம். ஆனால் 2024 டிசம்பருக்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி நினைக்காத நாள் இல்லை, அதனால்தான் இதை உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

என் அக்கா வீடு தென்பெண்ணைக் கரைப் பக்கம். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது உங்களுக்கே தெரியும், புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அக்கா தெருவில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மழை விட்டது, காற்றும் அடங்கியது, புயல் போய்விட்டது என்று எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். ஆனால் டிசம்பர் 2ஆம் தேதி விடிவதற்கு முன்னாலேயே, நூறு கிலோமீட்டருக்கு அப்பால், தென்பெண்ணையின் மேல்பக்கத்தில் இருக்கிற சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டிருந்தது. அந்தத் தண்ணீர் நம் ஊர் வந்து சேர மணிக்கணக்கில் ஆகும். அத்தனை மணி நேரமும் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. வாசல்படியில் தண்ணீர் ஏறிய பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பையன் வந்து கதவைத் தட்டி, அவளையும் அத்தானையும் மாடி வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

ஒரு வாரம் கழித்து வீட்டைக் கழுவப் போனேன். 2011இல் அடித்த ‘தானே’ புயலுக்குப் பிறகு நான் வாங்கிக்கொடுத்த ரேடியோ பீரோ மேல் அப்படியே இருந்தது. எடுத்துப் பின்பக்க மூடியைக் கழற்றினேன். இரண்டு டார்ச் பேட்டரிக் கட்டையும் ஒழுகி, ஸ்பிரிங் பச்சை பூத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. பன்னிரண்டு பதின்மூன்று வருடமாக யாரும் அதைத் திறக்கவே இல்லை. ரேடியோவைக் கொடுத்த நான் அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு என்று கேட்பீர்கள். போனைக் குறை சொல்ல வரவில்லை. 2023 அக்டோபரில் சோதனைக்காக எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, அது நல்ல ஏற்பாடு, தூங்குகிறவனையும் எழுப்பும். ஆனால் அதற்கு டவர் உயிரோடு இருக்க வேண்டும், போனில் சார்ஜ் இருக்க வேண்டும். டவருக்குப் பேட்டரியும் ஜெனரேட்டரும் உண்டுதான், அதெல்லாம் எத்தனை மணி நேரத்துக்கு? 2011 டிசம்பர் 30 காலையில் ‘தானே’ புயல் கரை கடந்தபோது இந்த மாவட்டத்தில் கரண்ட் கம்பங்கள் எப்படி விழுந்து கிடந்தன, எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். வானொலி நிலையம் எங்கோ தூரத்தில் இருக்கிறது, நம் தெருவில் எது விழுந்தாலும் அதன் அலை வந்துகொண்டே இருக்கும். நம் கையில் வேண்டியது ஒரு பெட்டியும் இரண்டு கட்டையும்தான்.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவது நமக்குப் பழக்கமான விஷயம். பத்தாம் எண் ஏறினால் ஊரே பேசும். ஆனால் அதற்கு மேல் பதினொன்று என்று ஒரு எண் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று உள்ளூர் அதிகாரி நினைக்கிறார் என்பதுதான் அந்தக் கூண்டுக்கு அர்த்தம். சேதி வராமல் போவதையே ஓர் ஆபத்தாக எண்ணி அதற்கென்று ஒரு கூண்டை வைத்திருக்கிறார்கள். அக்கா தெருவில் அன்றைக்கு இருந்தது அந்த நிலைமைதான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அமெரிக்க வானிலை ரேடியோவை ஆன்லைனில் பார்த்துவிட்டு, அதை வாங்கலாமா என்று இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். அமெரிக்காவில் என் தங்கை மகள் டல்லாஸில் இருக்கிறாள், அங்கே சூறாவளி அடிக்கிற பக்கம். அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, நானே போனபோது பிரித்துப் பார்க்காத குறையாகப் பார்த்தேன். நோவா வானிலை ரேடியோ என்பார்கள், நோவா என்பது அந்த நாட்டு அரசின் கடல், வானிலைத் துறை. அந்த நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள், இருபத்துநான்கு மணி நேரமும் வானிலை மட்டுமே சொல்கின்றன. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழே அலைவரிசை. வாங்கியதும் அந்த ஏழில் எது தெளிவாக விழுகிறதோ அதைப் பிடித்து வைக்க வேண்டும், பிறகு தன் மாவட்டத்துக்கான ஆறு இலக்க எண்ணைப் போட வேண்டும். அவள் போட்டது 048113. அப்புறம் அது பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு கிடக்கும். அந்த மாவட்டத்துக்கு எச்சரிக்கை வந்தால் மட்டும், நிலையம் அனுப்புகிற அந்த எண்ணைக் கேட்டுத் தானாக விழித்து, சைரன் போட்டு, சேதியைப் படிக்கும். கரண்ட் போனாலும் உள்ளே பென்சில் கட்டை இருப்பதால் நிற்காது. வாரம் ஒருமுறை, பெரும்பாலும் புதன்கிழமை, சோதனை சேதி வரும், அது வரவில்லை என்றால் பெட்டியில் ஏதோ கோளாறு என்று தெரிந்துகொள்வார்கள்.

அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தப் பெட்டியை இங்கே வாங்கிவந்தால் வெறும் இரைச்சல்தான் கேட்கும், அந்த அலைவரிசையில் நமக்கு ஒலிபரப்பு கிடையாது. சில செட்டுகளில் வானிலைக்கென்று தனிப் பட்டன் போட்டு விற்கிறார்கள், அதுவும் இங்கே வேலைக்காகாது. தயவுசெய்து அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். இங்கே மீடியம் வேவும் (செட்டில் MW என்று போட்டிருக்கும்) எஃப்.எம்மும் எடுக்கிற, கட்டை போட்டு ஓடுகிற, முள்ளைக் கையால் திருகி நிலையம் பிடிக்கிற சாதாரண செட் போதும். சார்ஜ் ஏற்றும் செட் மட்டும் வாங்காதீர்கள், மூன்றாம் நாள் அதுவும் போன் மாதிரிதான். கைப்பிடி சுற்றி ஓடுவது கூடுதல் துணைக்குச் சரி, ஒரு நிமிடம் சுற்றினால் சில நிமிடம் பாடும்.

செட்டை வாங்கிய அன்றே, மழை இல்லாத நாளிலேயே, நிலையங்களைப் பிடித்துப் பழக வேண்டும். புதுச்சேரி வானொலி மீடியம் வேவில் 1215, எஃப்.எம்மில் 102.8. அதோடு நிறுத்தாதீர்கள், ஏனென்றால் நம் மேல் அடிக்கிற புயல் புதுச்சேரி மேலும்தான் அடிக்கும். சென்னை 720, திருச்சி 936, இந்த இரண்டையும் பிடித்து வையுங்கள், மீடியம் வேவ் ராத்திரியில் தூரத்திலிருந்தும் வரும். முள் நிற்கிற இடத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வையுங்கள், இருட்டில் டார்ச் அடித்தாலும் தெரியும். எஃப்.எம்முக்கு ஏரியலை இழுக்க வேண்டும். மீடியம் வேவுக்கு அந்த ஏரியலால் பயனில்லை. பெட்டிக்குள் செம்புக் கம்பி சுற்றிய ஒரு கறுப்புக் குச்சி இருக்கிறது, அதுதான் மீடியம் வேவுக்கு ஏரியல். அதனால் பெட்டியையே திருப்பிப் பார்க்க வேண்டும். கடலூரில் இருப்பவர்களுக்குப் புதுச்சேரி வடக்கே, எனவே பெட்டியின் முகமோ முதுகோ வடக்கைப் பார்த்து இருந்தால் நன்றாக விழும். கான்கிரீட் வீட்டுக்குள் நடுவில் வைக்காமல் ஜன்னல் ஓரம், சாரல் படாத இடமாக வையுங்கள்.

மீடியம் வேவ் கரகரவென்று இருக்கிறது, கேட்கவே முடியவில்லை என்று பலபேர் மூலையில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கரகரப்பு பெரும்பாலும் எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் கிளப்புவது. தெருவில் மொத்தமாகக் கரண்ட் போன பிறகு ஒருமுறை கேட்டுப் பாருங்கள், கண்ணாடி மாதிரி இருக்கும். நமக்கு எப்போது தேவையோ அப்போதுதான் அது மிகத் தெளிவாகப் பேசும்.

கட்டை விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன், செட்டுக்குள் போட்டு வைக்கவே கூடாது. உறை பிரிக்காமல், செட்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள். பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் வருடா வருடம் புதுசு வாங்கிவிட்டு, பழசை டார்ச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.

சரி, இதுவரை சொன்னதை ஒரு வீடு தனியாகவே செய்துகொள்ளலாம். சங்கங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் வேறு. டல்லாஸ் பெட்டி தானாக விழிக்கும், நம் பெட்டி விழிக்காது. நாம் அணைத்துவிட்டுத் தூங்கினால் அதுவும் தூங்கிவிடும். ஆகவே இங்கே பெட்டியோடு சேர்த்து விழித்திருக்கிற ஆளும் வேண்டும், அது ஒரு வீட்டால் ஆகாது. தெருவுக்கு ஒரு ரேடியோ வீடு என்று குறித்துக்கொள்ளுங்கள், மாடி இருக்கிற வீடாக, யார் வேண்டுமானாலும் எந்நேரமும் கதவைத் தட்டக்கூடிய வீடாகப் பார்த்து. புயல் சின்னம் உருவான சேதி வந்த நாளிலிருந்து ராத்திரியை மூன்று மூன்று மணி நேரமாகப் பிரித்து முறை போடுங்கள். முறைக்காரர் ஒவ்வொரு செய்தியையும் கேட்டு, நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுத வேண்டும். புயல் கரை கடந்த பிறகும் இரண்டு மூன்று நாள் இந்த முறையை நிறுத்தக்கூடாது, அக்கா தெருவில் ஏமாந்தது அந்த இடத்தில்தான். 2021 நவம்பரில் தென்பெண்ணை பொங்கி உச்சிமேடு, நாணமேடு, கண்டக்காடு பக்கமெல்லாம் மூழ்கியதும் அப்படித்தான், மேலே பெய்த மழைக்கு இங்கே வெள்ளம்.

கேட்டதைத் தெருவுக்குச் சொல்ல, பேட்டரியில் ஓடுகிற கை மைக் ஒன்று. புதுச்சேரி பக்கத்து மீனவ ஊரான நல்லவாடு கதையை நம் பக்கத்தில் பெரியவர்கள் எல்லோரும் அறிவார்கள். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று, சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் சொன்ன சேதியை, சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் சொல்லி ஊரையே கரையிலிருந்து கிளப்பினார்கள், ஊர் பிழைத்தது. தெரிந்தவர் ஒருவர், அவர் பக்கத்தில் ஒரு மைக், அவ்வளவுதான் அன்றைக்கு இருந்த கருவி. இன்றைக்கு ரேடியோவும் மைக்கும் சேர்ந்து இரண்டாயிரம், மூன்றாயிரம் ரூபாய் ஆகுமா? ஒரு ஆண்டுவிழாவுக்குப் பந்தல் செலவு அதைவிட அதிகம்.

சங்கங்கள் எல்லாம் சேர்ந்து மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு மனு கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 2015 வெள்ளத்தின்போது கடலூரில் பேரிடர் கால வானொலி என்று எஃப்.எம். 107.8இல் ஒரு நிலையத்தை ஆரம்பித்தார்கள். எங்கே சாப்பாடு, எங்கே மருத்துவ முகாம், எந்தப் பாதை அடைபட்டது என்று நம் ஊர்ப் பேச்சில் நம் ஊர்க்காரர்களே சொன்னார்கள். அப்படி ஒன்று மழைக்காலம் மூன்று மாதமும் தயாராக இருக்க வேண்டும், அமெரிக்காக்காரன் செய்கிறது போல வாரம் ஒருநாள் ஐந்து நிமிடம் சோதனை ஒலிபரப்பு நடக்க வேண்டும், அந்த நேரத்தில் ஒவ்வொரு ரேடியோ வீடும் செட்டைப் போட்டுப் பார்க்கும். அணைத் தண்ணீர் விவரம் அதில் ஊர் பெயரோடு வர வேண்டும். ‘கரையோர மக்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் அக்கா மாதிரி ஆட்கள் அது வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன் போட்டு விவரம் கேட்க மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 இருக்கிறது, அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்திலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.

என்னால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து முதல் ஒரு மணி வரை கடையைத் திறந்து வைக்கிறேன். வீட்டில் தாத்தா காலத்து செட் கிடந்தாலும் சங்கத்து மூலமாகக் கொண்டுவாருங்கள், கூலி வேண்டாம், ஸ்பிரிங் போயிருந்தால் மாற்றித் தருகிறேன், நிலையம் பிடித்துப் புள்ளியும் வைத்துத் தருகிறேன். அக்கா வீட்டு செட்டையும் அப்படித்தான் சரி செய்தேன், இப்போது மாடி வீட்டில் இருக்கிறது, அவள் தினமும் சாயந்தரம் பாட்டு கேட்கிறாள். கொண்டுவரும்போது உள்ளே கட்டை இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள்.