என் மகனுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

இந்த மடலை வெளியிடலாமா என்று மகனிடம் கேட்டேன். படித்துப் பார்த்துவிட்டு, "திருச்சின்னு போட்டுக்கோம்மா, என் பேர் மட்டும் வேண்டாம்" என்றான். அதனால் உங்கள் பெயர்களையும் எழுதவில்லை. படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

14416 என்ற மனநல உதவி எண்ணில் அந்த இரவு என்னிடம் பேசிய தம்பிக்கு முதல் நன்றி. மணி இரண்டு. மகன் அறைக்குள் தாழ் போட்டிருந்தான். தட்டினால் "போம்மா" என்ற குரல் மட்டும் வந்தது. "கேள்வி எதுவும் கேட்காதீங்கம்மா, வெளியேதான் உட்கார்ந்திருக்கேன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருங்க" என்றீர்கள். நாலரை மணிக்குக் கதவு திறந்தது. அதுவரை நீங்கள் போனை வைக்கவில்லை. டாக்டரம்மாவிடம் நாங்கள் வந்து சேர்ந்ததும் உங்கள் வழியாகத்தான்.

டாக்டரம்மா, 2023 தொடக்கத்தில் உங்களைப் பார்க்க வந்தபோது, ஆண்மேல் வரும் ஈர்ப்பை மாற்றுவதாகச் சொன்ன வேறோர் இடத்தில் எட்டு மாதமாக மாத்திரை தின்று, நாளில் பாதியைத் தூங்கியே கழித்து, கல்லூரிக்குப் போவதையே விட்டிருந்தான். "சரியாகிவிடும், அப்புறம் ஒரு கல்யாணம் பண்ணி வையுங்கள்" என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அதை நம்பி மாத்திரையை எண்ணி எண்ணி அவன் கையில் கொடுத்தவள் நான். நீங்கள் என்னைக் குறை சொல்லவில்லை. "பையனுக்கு மனச்சோர்வு இருக்கு, அதுக்கு வைத்தியம் பார்ப்போம். ஆண்மேல ஈர்ப்பு வர்றது நோய் இல்லை" என்றீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதையும், நம் நாட்டு மனநல மருத்துவர்கள் சங்கம் 2018ல் அதையே சொன்னதையும் எடுத்துச் சொன்னீர்கள். 1990ல் நான் பாவாடை சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அப்போதே முடிந்துபோன விஷயம் எங்கள் வீட்டு வாசலுக்கு வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

நோய் இல்லையென்றால் ஏன் இப்படி ஆனான் என்று கேட்டேன். "யாரும் திட்டாத நாள்லயும் திட்டு விழும்னு காத்துக்கிட்டே இருக்கான்மா" என்றீர்கள். நடை, குரல், கை அசைவு, போனில் வரும் மெசேஜ், எல்லாவற்றையும் சின்ன வயதிலிருந்து காவல் காத்தால் எந்த உடம்புக்குத் தூக்கம் வரும்? சிறுபான்மையினர் மன அழுத்தம் என்று இதற்குப் பெயரே இருக்கிறதாம்.

அன்று இரவுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தன் சிநேகிதரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "அவங்க வந்தாங்க, அவங்க சொன்னாங்க" என்றுதான் சொல்வான். யாரோ ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறான், எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறான் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். "வந்தான்" என்று ஒரு முறை வாய் தவறினால் போதும், எனக்குத் தெரிந்திருக்கும். பெற்றவளிடம் பேசும்போதுகூட ஒவ்வொரு பேச்சின் கடைசி எழுத்துக்கும் பயந்திருக்கிறான் பிள்ளை.

முகம் தெரியாத இருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒருவரையொருவர் நேசித்து, மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்டு வழக்குப் போட்ட அந்த இரண்டு பெண்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கு இதில் புரிதல் போதவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து தெரிந்துகொண்ட பிறகு 2021 ஜூனில் உத்தரவு போட்டார். பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கை மீறுவது என்று 2022ல் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது. என் மகனுக்கு முதல் மாத்திரைச் சீட்டு எழுதியபோது அந்த நீதிமன்ற உத்தரவுக்கு ஒரு வயது. அது எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அண்ணி, அந்த வளைகாப்பில் ஒருவர் அவனைச் சொன்ன சொல்லை நான் இங்கே எழுத மாட்டேன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் பந்தியிலிருந்து எழுந்து, "அவன் எங்க வீட்டுப் பிள்ளை. அவனுக்கு இடமில்லாத விசேஷத்துல எனக்கும் இலை வேண்டாம்" என்றீர்கள். உங்கள் தம்பி, அவன் அப்பா, மாதக்கணக்கில் மகனோடு சேர்ந்து உட்காராதவர், அன்று ராத்திரி அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரசம் மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

விடுதியில் அவன் துணிமணியைத் தன் அறைக்கு எடுத்துப் போய், "இனி நீ இங்கதான்டா" என்று சொன்ன பிள்ளைக்கும் நன்றி. உன் அம்மாவிடம் இதைக் காட்டு.

மகன் இப்போது கோவையில் வேலை பார்க்கிறான். மாத்திரை நின்று ஒரு வருடம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "அம்மா, தீபாவளிக்கு அவனும் வர்றான். அவனுக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காது, சாம்பார்ல போட்டுடாதே" என்றான்.

அன்புடன்,
ஓர் அம்மா
திருச்சி