நிரலையும் படித்துச் சுவைக்கக் கற்றுத்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் கணினி அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். கணினிக்கான நிரல் (புரோகிராம்) எழுதுவதை வேலைக்கான தகுதியாக மட்டுமே நம் வகுப்பறைகள் பார்க்கின்றன என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

ஒருமுறை செய்முறைத் தேர்வில், நட்சத்திரக் குறிகளை 1, 3, 5, 7, 5, 3, 1 என்ற வரிசையில் அச்சிடும் நிரலைக் கேட்டிருந்தார்கள். எல்லோரும் ரெக்கார்டு நோட்டில் இருந்தபடி, விரிவதற்கு ஒரு சுழற்சியும் (ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பகுதி) சுருங்குவதற்கு ஒரு சுழற்சியுமாக எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும், வெளிவரியை அச்சிட்டு, உள்ளே இருப்பதை வரையத் தன்னையே மீண்டும் அழைத்து, அதே வெளிவரியை மறுபடி அச்சிட்டு முடிக்கும் ஒரே சிறு செயற்கூறை, அதாவது பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிரல் துண்டை, எழுதியிருந்தாள். வடிவத்தில் இருந்த சமச்சீர் அப்படியே நிரலிலும் இருந்தது. வீட்டு வாசலில் வைக்கும் ஏழு புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம்தான் நினைவுக்கு வந்தது என்றாள். விடை சரியாக வந்தும், நோட்டில் உள்ளபடி இல்லை என்று தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அன்று நான் இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும்.

அவளுடைய நினைவு தற்செயலானதன்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலங்களை, வடிவத்தைப் படிப்படியாக உருவாக்கும் கணினி இலக்கண விதிகளாக எழுதிக்காட்டும் ஆய்வுக் கட்டுரையை 1974ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருக்கிறார்கள். அதே ஆண்டில்தான் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்ற அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் கனூத், நிரலாக்கம் ஒரு கலை என்பதையே தம் ஏற்புரையின் பொருளாக எடுத்துக்கொண்டார். நிரலாக்கக் கலை பற்றிய தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தோற்றம் பிடிக்காமல், 1977இல் தாமே ஒரு அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் தொடங்கியவர் அவர். 'டெக்' என்ற அந்த மென்பொருளின் முழு நிரலையும், ஒவ்வொரு பகுதிக்கும் உரைநடை விளக்கத்தோடு, மனிதர்கள் உட்கார்ந்து படிக்கத்தக்க நூலாக 1986இல் வெளியிட்டார்.

நம் மாணவர்களோ மூன்றாண்டுப் படிப்பில், பிறர் எழுதிய நல்ல நிரல் ஒன்றைக்கூட முழுமையாகப் படிப்பதில்லை. செய்யுளைப் படித்துப் பழகாமல் யாரும் செய்யுள் எழுத வருவதில்லை. நிரலுக்கு மட்டும் அந்தப் பயிற்சி வேண்டாம் என்று எப்படி முடிவு செய்தோம்?

ஆகவே, பருவத்துக்கு ஒரு நல்ல நிரலையாவது வகுப்பில் வரிவரியாகப் படித்து, இந்த இடத்தில் ஏன் இப்படி எழுதினார் என்று விவாதிப்பதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும். செய்முறைத் தேர்வில் சரியான விடை தரும் மாற்று வழிக்கு முழு மதிப்பெண் உண்டு என்பதைத் தேர்வாளருக்கான குறிப்பிலேயே எழுத்தில் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணினி அறிவியல் பேராசிரியை,
திருச்சி.